அவருடைய வலது தோள்

எங்கள் கரையில் வலிக்காமல் வைத்தியம் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். மருந்து கசக்க வேண்டும், ஊசி எரிய வேண்டும், தடவுகிற கை எலும்பு வரைக்கும் போக வேண்டும். நானோ கையை வைத்துவிட்டுச் சும்மா இருப்பவள். பிசைய மாட்டேன், முறுக்க மாட்டேன், எண்ணெயைத் தொட மாட்டேன். புதுக்கடை என்கிற ஊரில் ஒரு துணிக்கடைக்கு மேலே, மாடி அறையில், ஒரு கட்டிலும் ஒரு ஃபேனும் வைத்துக்கொண்டு இதைத்தான் பிழைப்பாகச் செய்கிறேன். பிசியோதெரபி படித்துவிட்டுத் திருவனந்தபுரத்தில் வேலை பார்த்த காலத்தில் கற்றுக்கொண்ட முறை இது. கடற்கரையில் நான் குடியிருக்கிற இனயத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இன்றைக்கும் நான் என்ன வேலை செய்கிறேன் என்று முழுதாக விளங்கியதில்லை.

முதலில் வந்தவர்களில் ஒருவர், மீன் விற்கிற ஒரு அக்கா. வருஷக்கணக்காகத் தலையில் மீன் பாத்திரம் சுமந்த கழுத்து அவருக்கு. வரும்போதே ஒரு பாட்டில் தேங்காயெண்ணெய் கொண்டுவந்திருந்தார். எண்ணெய் வேண்டாம் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். படுக்கவைத்து, மண்டை முடிந்து கழுத்து தொடங்குகிற இடத்தில் இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தாங்கினேன்.

கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு, "மோளே, இதுக்கா நான் ஆட்டோ பிடிச்சு வந்தேன்? நல்லா அமுக்கு. எனக்கு ஒண்ணும் ஆவாது" என்றார்.

"தலைய விடுங்க அக்கா. நான் பிடிச்சிருக்கேன்."

"விட்டுட்டுதானே கிடக்கேன்."

விடவில்லை. யாரும் உடனே விடுவதில்லை. படுத்திருக்கும்போதும் தன் தலையைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. நான் காத்திருந்தேன். அந்தத் தலையின் எடை முழுவதும் என் கையில் இறங்கியபோது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுந்ததும் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ ஒண்ணும் செய்யல்லியே" என்று என் மேல் பிராது சொல்வது மாதிரி சொன்னார். அடுத்த வாரம் தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் அதே எண்ணெய் பாட்டில்.

இந்த வேலையில் கைக்குத் தெரிகிற விஷயங்கள் சில உண்டு. அதில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். வலி உள்ள இடம், கை அழுத்துவதற்கு முன்பே இறுகிவிடும். தொட்ட கணத்திலேயே தோலுக்கு அடியில் சதை எழுந்து நின்று தடுக்கும். வாய் "பரவாயில்ல" என்று சொன்னாலும் அது தடுக்கும். வலி போய்விட்டால் வாய் என்ன சொன்னாலும் அது படுத்தே கிடக்கும். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. அதனால் வருகிறவர்கள் வலியைக் கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் நான் வாதாடுவதில்லை, கையை வைத்துப் பார்த்துக்கொள்வேன்.

என்னிடம் வருகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். கழுத்து, தோள், நடுமுதுகு. பாதிப் பேருடைய கணவன்மார் வளைகுடாவில் மீன்பிடி லாஞ்சுகளில் இருக்கிறார்கள். ஒரு பெண் கட்டிலில் படுத்ததும் காரணமே இல்லாமல் அழுவாள். "வலிக்கா?" என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டுவாள். நான் மேற்கொண்டு கேட்க மாட்டேன். ஏனென்றால் எனக்குத் தெரியும். என் கணவரும் அங்கேதான் இருக்கிறார். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊராரைத் தொட்டுத் தொட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தால், என்னைத் தொட ஒரு ஆள் கிடையாது. எனக்கு எரிச்சலாக வரும். சில நாள் பஸ்ஸில் நெரிசலில் பக்கத்துப் பெண்ணின் தோள் என் தோளில் சாய்ந்தால் நகராமல் இருந்துவிடுவேன்.

எங்கள் வீடுகளில் சாயங்காலம் ஜெபமாலை சொல்லி முடித்ததும் ஒரு வழக்கம் உண்டு. சின்னவர்கள் பெரியவர்களிடம் "தோத்திரம்" என்று சொல்லி நெற்றியை நீட்டுவார்கள். பெரியவர்கள் கட்டைவிரலால் அந்த நெற்றியில் சிலுவை வரைவார்கள். அப்பா அக்கரையில் இருந்தால் என்ன செய்வது? அதற்கும் எங்கள் ஆட்கள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். வீடியோ காலில் கூப்பிட வேண்டியது. என் மகள் ஃபோனுக்கு முன்னால் முட்டி போட்டு, "தோத்திரம் அப்பா" என்று நெற்றியைக் கொண்டுபோய்த் திரையில் ஒட்டுவாள். அந்தப் பக்கத்தில் அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காற்றில் சிலுவை போடுவார். நெற்றி ஒட்டியிருப்பதால் அவளுக்கு அது தெரியாது. எனக்குத்தான் தெரியும். முடிந்ததும் திரையில் வேர்வையும் எண்ணெயும் படிந்திருக்கும், நான் முந்தானையால் துடைப்பேன்.

போன ஆனி மழையில் அவர் ஊருக்கு வந்தார். லீவு என்றுதான் பெயர். உண்மையில் அவருடைய வலது தோள் போய்விட்டிருந்தது. மீன் சிக்குவதற்காகக் கடலுக்கு அடியில் போட்ட கம்பிக்கூடுகளைக் கயிறு பிடித்து மேலே இழுக்கிற வேலை, எத்தனையோ வருஷம். கை காதுக்கு மேலே போகவில்லை. லாஞ்சின் முதலாளியான அரபி, "கை சரியானால் வா, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் விசாவும் போய்விடும். எங்கள் வீட்டு மாடி காசில்லாமல் பாதியில் நிற்கிறது, தூண்களில் கம்பிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இவ்வளவுதான் நிலைமை. தோள் சரியானால் அவர் போவார். சரியாகாவிட்டால் என்னோடு இருப்பார். தோளைச் சரியாக்குவது என்னுடைய தொழில்.

வந்த அன்று சாயங்காலம் ஜெபமாலை முடிந்தது. மகள் அவர் முன்னால் போய் நின்றாள். "தோத்திரம் அப்பா" என்று நெற்றியை நீட்டினாள். அவர் கட்டைவிரலைத் தூக்கினார். காற்றில் ஒரு சிலுவை போட்டார். கையைக் கீழே இறக்கிவிட்டார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே காத்துக்கொண்டிருந்தாள். ஃபோன் இல்லை, இடையில் கடல் இல்லை, ஒரு சாண் தூரத்தில் பிள்ளையின் நெற்றி. அவருக்கு விளங்கவில்லை. நான்தான், "தொடணும்" என்றேன். அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மகளின் நெற்றியில் விரலை வைத்தவர், சிலுவை வரைந்து முடித்த பிறகும் எடுக்கவில்லை. எனக்கு அடுப்படியில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

என்னிடமும் அப்படித்தான். லாஞ்சில் வரிசையாகப் படுக்கிற இடத்தில் ஒருவர் இன்னொருவரைத் தொட்டு எழுப்பினால் ஏதோ ஆபத்து என்று பொருளாம். தூக்கத்தில் நான் கையை வைத்தால், கடலில் புயல் எழும்பிவிட்டதாக நினைத்துத் துள்ளி எழுந்து, "என்ன, காத்தா?" என்பார். கட்டிலின் ஓரத்தில் ஒடுங்கி, இடது பக்கமாகத் திரும்பி, வலது கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு தூங்குவார். தோளைப் பார்க்கட்டுமா என்று கேட்டால், "நான் உனக்க கேஸா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கும் ரோஷம் வந்தது. நானும் கேட்பதை விட்டேன்.

அவர் நம்பியது, ஊரிலேயே பேர் பெற்ற வர்ம ஆசானைத்தான். இழுத்து முறுக்கி ஒரே போடாகச் சரியாக்கிவிடுவார் என்று நினைத்துக்கொண்டு போனார். ஆசான் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். "இத நான் முறுக்கினா இன்னும் பிணங்கும். உனக்க பெண்டாட்டி புதுக்கடையில ஊருக்கெல்லாம் பாக்கா. நீ அவகிட்ட போவாம எனக்க வாசல்ல வந்து நிக்கியே, வெக்கமா இல்லியா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அவர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டேன். "கடைக்கு வரணுமா, வீட்டிலயே பாப்பியா?" என்று கேட்டார். முகம் தொங்கிப்போயிருந்தது.

வீட்டிலேயே பார்த்தேன். காலையில் மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, நான் பஸ்ஸுக்குப் போவதற்கு முன்னால். அவரைப் படுக்கவைத்து, முதுகுக்கும் பாய்க்கும் நடுவில், தோள்பட்டை எலும்புக்கு அடியில் என் கையை நுழைத்து வைப்பேன். இன்னொரு கை மேலே. அவ்வளவுதான். முதல் சில நாட்கள் சதை கல்லாக இருந்தது. தொட்டதும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். மழை வெளியே கொட்டும், நான் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் அவருடைய வயிறு குடுகுடுவென்று சத்தம் போட்டது. "பசிக்கல்ல, சும்மா" என்று வெட்கப்பட்டார். எனக்கு அது நல்ல சேதி. உடம்பு காவலை விடுகிறபோதுதான் வயிறு பேசும். பாதங்கள் இரண்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தன. கை என் கையில் கனத்தது.

தோள் சரியாகக் கூடாது என்று நான் ஜெபிக்கவில்லை. சரியாக வேண்டும் என்றும் ஜெபிக்கவில்லை. அந்த மாதங்களில் மாதா படத்துக்கு முன்னால் முட்டி போட்டால், எதைக் கேட்பது என்று தெரியாமல் எழுந்துவிடுவேன். கையை வைக்காமலே இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். சட்டை போடுவதற்கு அந்த மனிதர் படுகிற பாட்டைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். சிலுவை போடக் கை நெற்றிக்குப் போகாமல், நெற்றியைக் குனிந்து கைக்குக் கொண்டுவருவார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை.

ஜெபமாலை மாதமான அக்டோபர் வந்தபோது ஒரு காலையில் கையை வைத்தேன். தோள் தடுக்கவில்லை. எலும்பைச் சுற்றித் தொட்டேன், முன்பக்கம் தொட்டேன், அக்குளுக்கு மேலே அவர் எப்போதும் பல்லைக் கடிக்கிற இடத்தில் தொட்டேன். எல்லாம் தூங்குகிற பிள்ளையின் கை மாதிரி தளர்ந்து கிடந்தது. கையைத் தூக்கினேன், காதைத் தாண்டி மேலே போனது.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் கூரையைப் பார்த்தார். "இன்னும் வலி உண்டு" என்றார்.

பொய். என் கைக்குள்ளேயே அது பொய் என்று தெரிந்தது. "செரி. நாளைக்கும் பாப்போம்" என்றேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களைப் போல என் கல்யாண வாழ்க்கையில் வேறு நாட்கள் இல்லை. தினமும் காலையில் அவர் தானாகவே பாயை விரித்துப் படுத்துவிடுவார். நான் வலி இல்லாத தோளில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் பேசுவார். கடலைப் பற்றி அல்ல, ஒன்றுமில்லாத பேச்சு. இராஜாக்கமங்கலத்தில் சின்ன வயதில் தின்ற ஒரு பலாப்பழம், கல்யாணத்தில் என் தம்பி செருப்பை ஒளித்துவைத்தது. "இன்னைக்கு எப்பிடி?" என்று கடைசியில் கேட்பேன். "கொஞ்சம் குறவு உண்டு, போவல்ல" என்பார். நானும் கவலைப்படுகிற முகத்தை வைத்துக்கொள்வேன். பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடுவேன். புதுக்கடையில் எண்ணெய் பாட்டில் அக்கா, "டாக்டரம்மாக்கு மொகத்துல ஒரு தெளிச்சம் வந்திருக்கே" என்று கிண்டல் பண்ணுவார்.

டிசம்பரில் கரை முழுவதும் வீடுகளில் கிறிஸ்துமஸ் ஸ்டார் ஏறத் தொடங்கியது. எங்கள் மகளுக்கு மற்ற எல்லார் வீட்டு ஸ்டாரையும்விட நம்முடையது உயரமாக இருக்க வேண்டும். கட்டி முடிக்காத மாடியின் தூண்கம்பியில் கட்டச் சொன்னாள். அவர் ஸ்டாரைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார். நானும் மகளும் கீழே முற்றத்தில் நின்று, "இன்னும் மேல, இன்னும் மேல" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் பெருவிரலில் எம்பி நின்று, வலது கையை முழுதாக மேலே நீட்டி, கம்பியின் நுனியில் ஸ்டாரை மாட்டினார். கை வானத்தைப் பார்த்து நேராக நின்றது.

மகள் கைதட்டினாள். "அம்மா, அப்பாக்க கை சரியாயிட்டு!"

அவர் அப்படியே நின்றார். பிறகு கையைப் பையக் கீழே இறக்கி, இடது கையால் தோளைப் பிடித்துக்கொண்டு, "லேசா வலிக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியது அழுகையாகப் போய்விட்டது. மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவள் விளையாடப் போன பிறகு அவர் கீழே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உனக்கு எப்பம் தெரியும்?"

"ஜெபமாலை மாசமே தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"நீங்க ஏன் சொல்லல்ல?"

அவர் மேலே ஸ்டாரைப் பார்த்துக்கொண்டே, "ஏட்டி, டிக்கெட் பாக்கணும்" என்றார். பார்க்க வேண்டியதுதான் என்று நானும் சொன்னேன்.

போவதற்கு முந்தின நாள் காலையில், வழக்கம்போல் பாயை விரித்தவர், தான் படுக்காமல், "இன்னைக்கு நீ கிட" என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது. படுத்தேன். அவர் என் தலைக்குப் பின்னால் உட்கார்ந்து, நான் மற்றவர்களுக்குச் செய்வது போல, இரண்டு கையையும் என் தலைக்கு அடியில் கொடுத்தார். கயிறு இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கை, முடியில் சிக்கி இழுத்தது. இடமும் சரியில்லை, பிடித்த விதமும் சரியில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"தலைய விடு ஏட்டி. நான் பிடிச்சிருக்கேன்" என்றார்.

"விட்டுட்டுதானே கிடக்கேன்."

விடவில்லை. ஊராருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு அது வரவில்லை. எத்தனை வருஷமாக என் தலையை நானே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. விட்டால் நாளைக்கு யார் பிடிப்பார்கள் என்று கழுத்துக்குப் பயம். அவர் அவசரப்படவில்லை, காத்திருந்தார். எப்போது விட்டேன் என்று எனக்குத் தெரியாது. காது ஓரமாகக் கண்ணீர் இறங்கி அவர் கையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் துடைக்கவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை. அன்றைக்கு நான் புதுக்கடைக்குப் போகவில்லை.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் மகள் "தோத்திரம் அப்பா" என்று நெற்றியை நீட்டினாள். அவர் விரலை அழுத்தி வரைந்தார். பிறகு பெரிய பையை ஒரே தூக்கில் வலது தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தார். தோள் கொஞ்சமும் சாயவில்லை. என் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்தத் தோளை அன்றைக்கு நான் வெறுத்தேன்.

இப்போது தவக்காலம் வந்துவிட்டது. மற்ற வீடுகளில் ஸ்டாரை எப்போதோ இறக்கிவிட்டார்கள். எங்களுடையது இறங்கவில்லை, எனக்கு எட்டாது. கேட்கிறவர்களிடம் அதைத்தான் சொல்கிறேன். ஏணி வாங்கித் தருகிறேன் என்றார் ஒருவர், வேண்டாம் என்றுவிட்டேன். காகிதம் வெயிலில் வெளுத்துக் காற்றில் கிழிந்துகொண்டிருக்கிறது.

நேற்றுச் சாயங்காலமும் ஜெபமாலை முடிந்து கூப்பிட்டோம். மகள் நெற்றியைத் திரையில் ஒட்டினாள், அவர் காற்றில் சிலுவை போட்டார். அவள் எழுந்துபோன பிறகு நான் திரையைத் துடைத்துவிட்டு ஃபோனைக் கையில் எடுத்தேன்.

"தோள் எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் ஃபோனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"வலிக்கு" என்றார்.

கயிறு இழுத்து மறுபடி வலிக்கிறதா, அல்லது அக்டோபரில் பாயில் படுத்துக்கொண்டு சொன்ன அதே பொய்யா? முகத்தை உற்றுப் பார்த்தேன். முகத்திலிருந்து எனக்கு ஒன்றும் தெரிவதில்லை, நான் அப்படிப் பழகியவள் இல்லை. உள்ளங்கையை விரித்து ஃபோனின் மேல் வைத்தேன். கண்ணாடி வழவழவென்று இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் அவர், "கேக்குதா, கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.